கடைமடையில் கேட்ட பெயர்

இது நடந்தது. இதில் வரும் கிடங்கு பேராவூரணிக்குத் தெற்கே இன்றும் நிற்கிறது. அதன் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்றுகூட என்னால் சொல்ல முடியும். அங்கே நான் எந்த உருவத்தையும் பார்க்கவில்லை. வெள்ளைப் புடவை இல்லை, கொலுசுச் சத்தம் இல்லை. நான் பார்த்தது எண்களை. எண்களைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். அதனால்தான் அவற்றை மறக்க முடியவில்லை.

இன்னொன்று. இது இரவில் நடக்கவில்லை. ஆனி மாத வெயிலில், உச்சி வேளையில் நடந்தது.

என் பெயர் குணசேகரன். ஊர் திருவையாறு. ஒரு கட்டடத்தில் வைஃபை பெட்டிகளை எங்கெங்கே மாட்டினால் எல்லா மூலைக்கும் சிக்னல் எட்டும் என்று, மாட்டுவதற்கு முன்பே நடந்து நடந்து அளந்து சொல்வது என் தொழில். என் கூட்டாளி கோவிந்தராசு. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் அதிகம் பேச மாட்டேன். அவன் எனக்கும் சேர்த்துப் பேசுவான்.

இந்த வேலைக்கென்றே கருவிகள் செய்து விற்கிறார்கள். நாங்கள் அவற்றை வாங்கவில்லை. நாங்களே கோத்துக்கொண்டோம். மருத்துவமனைகளில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் சக்கரக் கம்பி ஒன்று தஞ்சாவூர்ப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதன் தலையில் ஒரு பைப்பைச் சொருகி, பைப்பின் உச்சியில் வைஃபை பெட்டியைக் கட்டுவோம். அடியில் ஒரு பேட்டரி. அதைத் தள்ளிக்கொண்டு போய் எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்துவான் கோவிந்தராசு. நான் பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறவர்களைப் போலக் கழுத்தில் ஒரு பலகையை மாட்டிக்கொள்வேன். பழைய ஸ்கூல் பையின் வார்தான் அதற்குப் பட்டை. பலகைமேல் லேப்டாப். லேப்டாப்பின் பக்கவாட்டில் விரல் நீளத்தில் இரண்டு கருவிகள். ஒன்று எங்கள் பெட்டியின் சிக்னலை அளக்கும். இன்னொன்று சும்மா கேட்டுக்கொண்டிருக்கும். சுற்றுவட்டாரத்தில் என்னென்ன கருவிகள் காற்றில் பேசுகின்றன என்று கேட்டு, திரையில் வரிசையாக எழுதும்.

அந்த இரண்டாவது கருவியைச் சேர்க்காமல் இருந்திருக்கலாம். பெரும்பாலான இடங்களில் அது தேவைப்படாது.

கோவிந்தராசுவின் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் வழியில், புதாற்றங்கரையில் அவன் வீடு. கல்லணையில் பிரிந்து வரும் கால்வாயைத்தான் நாங்கள் புதாறு என்போம். நான்கு வருடங்களுக்கு முன்பு, புதுத் தண்ணீர் வந்த அன்று, அவன் தம்பி தமிழ்மாறன் அதில் குளிக்க இறங்கினான். இறங்கினதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஏறினதைப் பார்த்தவர்கள் இல்லை. பதினோரு மைல் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து அதற்குக் கொள்ளி வைப்பார்கள். உறவினர்கள் எத்தனையோ முறை வந்து சொன்னார்கள். அவன் அம்மா அகிலாண்டம் சம்மதிக்கவில்லை. "புல்லைக் கொளுத்திட்டு எம்புள்ளைன்னு சொல்லாதீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து வாசலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. அதில் அவர்.

அன்று காலை பேராவூரணி போகும்போது கோவிந்தராசு வழக்கம்போலப் பேசவில்லை. பட்டுக்கோட்டை தாண்டியதும்தான் வாயைத் திறந்தான்.

"அம்மா முடிஞ்சுடும் போலருக்கு மாப்ள."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"உடம்புல ஒண்ணும் இல்லைங்கறாரு. சாப்பிட்டாத் தேறிடுமாம். வாயவே திறக்க மாட்டேங்குதே. ரெண்டு நாளா கஞ்சித் தண்ணியும் இறங்கல."

அவனே தொடர்ந்தான்.

"யாராச்சும் வாசல்ல வந்து நின்னு ‘அம்மா’ன்னு ஒரு குரல் குடுத்தாப் போதும்டா. எந்திரிச்சு உக்காந்துடும்."

கிடங்கு ஒரு தென்னந்தோப்பின் முடிவில் இருந்தது. கொப்பரை மூட்டைகள் அடுக்கும் இடம். மூட்டைகளைக் கணக்கெடுக்கும் கைக்கருவிகளுக்கு வைஃபை வேண்டும் என்று முதலாளி சிங்கப்பூரிலிருந்து சொல்லியிருந்தார். நாங்கள் போன அன்று கிடங்கு சுத்தமாகக் காலி. சிமெண்ட் தரை, தகரக் கூரை, நூற்றிருபது அடி நீளம். ஒரு மூட்டைகூட இல்லை. பின்பக்கக் கதவைத் திறந்தால் கால்வாய். தஞ்சாவூரைத் தொட்டுக்கொண்டு ஓடும் அதே புதாற்றின் கடைசி வால். கடைமடை. அதற்கப்பால் பாசனம் கிடையாது.

மேலாளர் இளையபெருமாள் கதவைத் திறந்துவிட்டு, நாங்கள் கருவிகளைக் கோப்பதை வேடிக்கை பார்த்தார். சக்கரக் கம்பியைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு.

"யாருக்கு சார் குளுக்கோஸ்?"

"கிடங்குக்குத்தாண்ணே. ரொம்ப வீக்கா இருக்காம்" என்றான் கோவிந்தராசு.

"நல்லா ஏத்துங்க. இந்த ஊர்ல போன் பேசவே மரத்துல ஏறணும். நீங்க வைஃபை மாட்ட வந்திருக்கீங்க."

"தண்ணி வந்துடுச்சாண்ணே?"

"எங்க வருது? மேல நீங்கள்லாம் குடிச்சது போக மிச்சம்தானே எங்களுக்கு. வந்தாலும் மொதல்ல தண்ணி வராது தம்பி. நீங்க வேணாம்னு விட்டதெல்லாம் வரும். செருப்பு, பாட்டிலு, செத்த ஆடு. அதெல்லாம் வந்து சேர்ந்தப்புறம்தான் தண்ணி."

கோவிந்தராசு சிரித்துக்கொண்டிருந்தவன், நிறுத்தினான்.

பன்னிரண்டு மணிக்குத் தோப்பு வேலையாட்கள் சாப்பிடப் போனார்கள். இளையபெருமாளும் போய்விட்டார். ஆட்கள் இல்லாத நேரத்தில் அளந்தால்தான் அளவு சரியாக வரும். நாங்கள் கேட்டு வாங்கிய நேரம் அது.

எங்கள் இருவர் போனையும் அணைத்து வண்டியில் போட்டுவிட்டு வந்தோம். இது எங்கள் கட்டுப்பாடு. போன் பையில் இருந்தால் அதுவும் காற்றில் பேசும். அளவில் குழப்பம் வரும்.

கோவிந்தராசு கம்பியைக் கிடங்கின் நடுவில் நிறுத்தினான். நான் பலகையை மாட்டிக்கொண்டு நடந்தேன். திரையில் சிக்னலின் பலம் எண்ணாகத் தெரியும். தொண்ணூறு என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முப்பது என்றால் கைக்கெட்டும் தூரம். எண் இறங்க இறங்க நெருங்குகிறோம் என்று பொருள்.

சுவரோரமாக ஒரு சுற்று வந்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. காற்றே இல்லை. தோப்பில் ஒரு மட்டை விழும் சத்தம்கூட இல்லை.

12.34.

இரண்டாவது கருவியின் வரிசையில் ஒரு வரி வந்தது.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். பழைய போன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் முன்பு சேர்ந்திருந்த வைஃபையின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, எங்கே போனாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ‘நீ இங்கே இருக்கிறாயா’ என்று கேட்பதுபோல. அந்தப் பெயரில் ஒரு வைஃபை பதில் சொல்லாதவரை கூப்பிடுவதை நிறுத்தாது. பதில் சொன்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

ஏதோ ஒரு கருவி அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மிகத் தொலைவிலிருந்து. எண்பத்தெட்டு.

சத்தமாகப் படித்தேன். "மாப்ள, இங்க யாரோ ‘மாறன் இல்லம்’னு ஒரு வைஃபையத் தேடுறாங்க."

நிமிர்ந்தேன்.

கோவிந்தராசு கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"இன்னொரு தடவ படி."

"மாறன் இல்லம்."

"எங்க வீட்டு வைஃபைடா அது."

எனக்கு முதலில் தோன்றியது அவன் போன்தான். வண்டிக்கு ஓடினேன். இரண்டு போன்களும் அணைந்து கிடந்தன. வெயிலில் சுட்டன. கையில் எடுத்துவந்து அவனிடம் காட்டினேன். ஒவ்வொரு போனுக்கும் வண்டி நம்பர்போல ஓர் அடையாள எண் உண்டு. கூப்பிடும் கருவியின் எண் அவன் போனுடையது அல்ல. என்னுடையதும் அல்ல.

"மாறன் தண்ணியில எறங்கறப்ப போன் பையிலதான் இருந்திச்சு" என்றான். "பிளாஸ்டிக் கவர்ல போட்டு."

நாலு வருஷம்டா, பேட்டரி எப்படிடா இருக்கும் என்று கேட்க நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

வரி மறுபடி வந்தது. மாறன் இல்லம். மறுபடி. மாறன் இல்லம். ஐந்து விநாடிக்கு ஒரு முறை.

"நம்ம பெட்டிக்கு அந்தப் பேர வை" என்றான்.

"வேணாம் மாப்ள."

"வைடா."

"என்னன்னே தெரியாம..."

"குணா. ஒரே ஒரு தடவ. அம்மாவுக்காக."

எங்கள் பக்கம் உச்சி வேளையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ஆளைப் பார்க்காமல் ‘ம்’ என்று சொல்ல மாட்டார்கள். சிறுவயதில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும். பெட்டிக்குப் பெயர் மாற்றுவது ‘ம்’ சொல்வதாகுமா என்று அந்த நேரத்தில் யோசித்தேன். இதையெல்லாம் யோசிக்கிற புத்தி அப்போதும் எனக்கு இருந்தது. ஆனாலும் விரல் தட்டச்சு செய்தது.

மாறன் இல்லம்.

12.41.

கூப்பிடுவது நின்றது.

ஒரு நிமிடம் எதுவும் இல்லை. பிறகு திரையின் மேல்மூலையில் சிறு எழுத்தில் ஒரு வரி வந்தது.

இணைந்த கருவிகள்: 1.

பெட்டிக்கு எட்டும் அதன் சிக்னல், எண்பத்திரண்டு.

அப்போதுதான் பின்பக்கக் கால்வாயில் அந்தச் சத்தம் கேட்டது. டெல்டாக்காரர்கள் யாருக்கும் அது தெரியும். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிற சத்தம். சருகையும் குப்பையையும் முன்னால் தள்ளிக்கொண்டு... சரசரவென்று... மெதுவாக... ஊர்ந்து வருமே, அது.

"தண்ணி வருது" என்றேன்.

கதவு வழியே எட்டிப் பார்த்தேன்.

கால்வாய் காய்ந்து கிடந்தது. சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஓர் ஓணான் அதன்மேல் ஓடியது.

சத்தம் நிற்கவில்லை.

எழுபத்தைந்து.

அறுபத்தொன்பது.

கோவிந்தராசு கண்ணை மூடிக்கொண்டான்.

அறுபது.

சத்தம் கதவருகே வந்து... நின்றது.

ஐம்பத்திரண்டு.

தரையில் ஒரு தடமும் இல்லை. ஈரம் இல்லை. வெயில் கட்டம்கட்டமாகக் கிடந்தது. அதில் எந்த நிழலும் குறுக்கே போகவில்லை.

நாற்பத்தைந்து.

முப்பத்தெட்டு.

முப்பது.

அது கம்பியை அடைந்துவிட்டது.

அப்போது இன்னொரு எண் மாறியது. எங்கள் பெட்டிக்கும் எனக்கும் நடுவே வெறும் தரைதான். அதுவரை அசையாமல் நின்ற அந்த அளவு திடீரென்று ஐந்து எகிறியது. எனக்கு இதன் பொருள் தெரியும். மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். நடுவில் ஓர் ஆள் வந்து நின்றால் சிக்னல் சரியாக இந்த அளவுதான் குறையும்.

நடுவில் யாரும் இல்லை.

"மாப்ள... பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

அவன் ஓர் அடி நகர்ந்து நின்றான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வருகிறவருக்கு இடம் விடுவதுபோல.

நான் பெயரை அழித்தேன். இணைப்பைத் துண்டித்தேன்.

இணைந்த கருவிகள்: 1.

ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினேன். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது.

இணைந்த கருவிகள்: 1.

முப்பது... இருபத்தொன்பது...

லேப்டாப்பை மூடினேன்.

கோவிந்தராசு கண்ணைத் திறந்தான். அவன் அழவில்லை. பயப்படவும் இல்லை. மிகவும் களைத்தவன்போல இருந்தான்.

"போலாம். வண்டிய எடு."

கருவிகளைக் கழற்றக்கூட இல்லை. கம்பியை அப்படியே படுக்கவைத்து ஏற்றினோம். எப்போதும் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் அன்று பின்சீட்டில் ஏறினான். கதவோரமாக ஒடுங்கிக்கொண்டான். பாதிச் சீட்டு காலியாக இருந்தது. கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று பட்டுக்கோட்டை வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.

அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். இறங்கியவன் கதவை உடனே சாத்தவில்லை. திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றான். ஐந்து, ஆறு விநாடி. பிறகு சாத்தினான்.

நாற்காலியில் கிடந்த அம்மா தலையைத் தூக்கியதை நான் பார்த்தேன். இரண்டு நாளாகத் தூக்காத தலை.

அதன் பிறகு கோவிந்தராசு வேலைக்கு வரவில்லை. போன் செய்தால், "அம்மா சாப்பிடுதுடா, ரெண்டு வேளையும் சாப்பிடுது" என்பான். சந்தோஷமான செய்தியைச் சொல்கிற குரலில் அல்ல. வேறு எதுவும் சொல்ல மாட்டான். சரி, அம்மா தேறினால் போதும் என்று நானும் விட்டுவிட்டேன். கிடங்கு வேலையை வேறு ஆட்களுக்குக் கைமாற்றினேன்.

மூன்றாவது வாரம் திருவையாற்றுக் கடைத்தெருவில் அவன் மனைவி வானதியைப் பார்த்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். அவள் பிறந்த வீடு எங்கள் ஊரில்தான்.

"எப்ப வந்தீங்க?"

"பத்து நாளாச்சுண்ணே. அந்த வீட்ல இருக்க முடியல."

"அம்மாவுக்குத்தான் தேவலையாமே."

அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"அவர் எல்லாத்தையும் சொன்னாரு. மாறன் தம்பி போன் வீட்டு வைஃபையத் தேடுச்சுன்னு. உங்களுக்கு ஒண்ணும் தோணலையாண்ணே?"

"என்ன தோணணும்?"

"தம்பி இருந்தப்ப எங்க வீட்ல வைஃபையே கிடையாது. தம்பி போய் எட்டு மாசம் கழிச்சுத்தான் கனெக்‌ஷன் குடுத்தாங்க. அத்தை அழுதாங்கன்னு இவருதான் ‘மாறன் இல்லம்’னு பேரு வச்சாரு."

கடைத்தெரு இரைச்சல் எங்கோ போய்விட்டது.

மாறனின் போனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வழியே இல்லை. அவன் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலமே கோவிந்தராசுவுக்குப் போன் செய்தேன். எடுத்தான். அவன் பின்னால் அகிலாண்டம் அம்மாவின் குரல் கேட்டது. முன்பெல்லாம் பேசுவாரே, அதே தெம்பான குரல். யாரையோ சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வானதியப் பார்த்தேன்" என்றேன்.

"ம்."

"அது மாறன் இல்லடா."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ பேரப் படிச்சப்பவே தெரியும். நான் வச்ச பேரு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா வைக்கச் சொன்ன?"

"யாரோ ஒருத்தர் வாசல்ல வந்து நின்னா அம்மா பொழச்சுக்கும்னு நெனச்சேன் மாப்ள. யாருன்னு பார்க்கல."

அவன் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் அம்மா சிரித்தார்.

"இப்பப் போகச் சொல்லிப் பார்த்தியா?"

"வைஃபைய எடுத்துட்டேன். வாசக்கதவு பின்கதவு ரெண்டையும் திறந்தே வச்சிருக்கேன். போக மாட்டேங்குது."

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"விடுடா. எப்படியோ அம்மா தேறிட்டாங்கல்ல. பேச்சுச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. நல்லா பழைய மாதிரி பேசுறாங்க."

அவன் வாயைப் போனோடு ஒட்டிவைத்துக்கொண்டு, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, மெதுவாகச் சொன்னான்.

"அம்மா பேசி எட்டு நாளாச்சு மாப்ள. எம்பக்கத்துலதான் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு."